இணைந்த கலத்துக்கு யார் கரண்ட் கொடுப்பது?

2025 ஏப்ரல் 21 அன்று, ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் இஸ்ரோ ஒரு ஹீட்டரைச் சுமார் 4 நிமிடம் ஓட்டிப் பார்த்தது. தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு சிறு செயற்கைக்கோள்கள் முந்தைய நாள்தான் இரண்டாவது முறையாக ஒன்றோடொன்று இணைந்திருந்தன. ஒன்றின் மின்சாரம் இணைப்பைத் தாண்டிப் போய் இன்னொன்றில் இருந்த ஹீட்டரை இயக்கியது. செய்தி அவ்வளவுதான். ஜனவரி 16-ல் நடந்த முதல் டாக்கிங்குக்கு எல்லோரும் கைதட்டினார்கள். இந்த 4 நிமிடத்தைப் பற்றிப் பெரிதாகப் பேச்சே இல்லை. எனக்கு அந்த ஆண்டின் பெரிய விண்வெளிச் செய்திகளில் ஒன்று இதுதான்.

காரணம் என் தொழில். நான் டிசி மின்வழங்கலில் வேலை பார்ப்பவன். பேட்டரி வரிசை, சார்ஜர், ஒரு வோல்டேஜை இன்னொன்றாக மாற்றும் கன்வெர்ட்டர், அவற்றைச் சேர்க்கும் கேபிள்கள் என்றே நாள் போகும். தனித்தனியே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு அமைப்புகளைச் சேர்ப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. அதைப் பூமிக்கு 400 கிலோமீட்டர் மேலே, மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே செய்கிறார்கள் என்பதால் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்துவருகிறேன்.

விண்கலத்தில்தான் சோலார் பேனல் இருக்கிறதே, அப்புறம் தான் போய் இணையும் விண்வெளி நிலையத்திடம் ஏன் கரண்ட் வாங்க வேண்டும் என்று கேட்கலாம். தனியாகப் பறக்கும் கலம், தன் உடம்பைத் திருப்பிப் பேனலை வெயிலுக்குக் காட்டிக்கொள்ளும். நிலையத்தோடு சேர்ந்த பிறகு அது முடியாது. சர்வதேச விண்வெளி நிலையம் 400 டன்னுக்கும் மேல் எடை கொண்டது. வந்து ஒட்டிக்கொண்ட ஒரு கலத்துக்காக அது திரும்பிக் கொடுக்காது. போதாக்குறைக்கு நிலையத்தின் பெரிய பேனல்களும் மாட்யூல்களும் கலத்தின் மேல் நிழல் போடும். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதில், 35 நிமிடம் வரை பூமியின் நிழலிலேயே போய்விடும்.

கலம் தூங்கிக்கொண்டிருந்தாலும் அதற்குக் கரண்ட் வேண்டும். எரிபொருள் குழாய்கள் உறையாமல் இருக்க ஹீட்டர் ஓட வேண்டும். கணினியில் ஒன்றாவது விழித்திருக்க வேண்டும். உள்ளே காற்றைச் சுழற்றும் விசிறி நிற்கக் கூடாது. எடையற்ற இடத்தில் சூடான காற்று தானாக மேலே போகாது, விசிறி நின்றால் தூங்குபவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும். இதெல்லாம் ஒரு நாள் இரண்டு நாள் கதையில்லை. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் போன்ற கலங்கள் 6 மாதத்துக்கு மேலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

எனவே கொடுத்துத்தான் ஆக வேண்டும். எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். அவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு: வாங்கிக்கொள்ளும் கலம், அந்தக் கரண்ட் எந்த நொடி நின்றாலும் தன் சொந்த பேட்டரியில் கிளம்பி வீடு போய்ச்சேரும் நிலையில் இருந்தாக வேண்டும். ஏனென்றால் நிலையத்தில் தீயோ கசிவோ வந்தால் அந்தக் கலம்தான் உயிர்காக்கும் படகு. விண்வெளி மின்வழங்கலின் வரலாற்றைப் படித்தால் திரும்பத் திரும்ப இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறோம்.

சோவியத் யூனியன் இதைக் கடினமான வழியில் கற்றுக்கொண்டது. 1971 ஜூனில் சோயுஸ் 11 கலம் திரும்பும்போது காற்று கசிந்து மூன்று வீரர்களும் இறந்தார்கள். அதன்பிறகு விண்வெளி உடை கட்டாயமானது. உடைக்கும் அதற்கான சாதனங்களுக்கும் இடமும் எடையும் வேண்டும் என்பதால் மூன்றாவது இருக்கை போனது. சோலார் பேனல்களும் போயின. கலத்தின் வேலை வீரர்களைச் சல்யூத் நிலையத்தில் கொண்டுசேர்ப்பதும் திருப்பிக் கொண்டுவருவதும்தான், நிலையத்தோடு சேர்ந்துவிட்டால் அங்கிருந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம், வழியில் பேட்டரியே போதும் என்பது கணக்கு. காகிதத்தில் பார்த்தால் அருமையான கணக்கு. அந்தக் கலம் தனியாகத் தாக்குப்பிடிக்கக்கூடியது சுமார் 2 நாள்.

டாக்கிங் நடந்தால் எல்லாம் சரி. நடக்காவிட்டால்? 1976 அக்டோபரில் சோயுஸ் 23 அதைத்தான் சந்தித்தது. வியாசெஸ்லாவ் சூதோவ், வலேரி ரோஷ்தெஸ்த்வென்ஸ்கி இருவரும் சல்யூத் 5 நிலையத்தை நெருங்கியபோது தானியங்கி அணுகல் கருவி சொதப்பியது. இன்னொரு முறை முயன்று பார்க்கும் அளவுக்குப் பேட்டரியில் தெம்பு இல்லை. அவசியமில்லாததையெல்லாம் அணைத்துவிட்டு, அடுத்த இறங்கும் வாய்ப்புக்காகக் காத்திருந்தார்கள். இறங்கியது இரவில், பனிப்புயலில், கஜகஸ்தானின் பாதி உறைந்த தெங்கிஸ் ஏரிக்குள். மீட்புக் குழு அவர்களைக் கரைசேர்க்க மறுநாள் காலை ஆகிவிட்டது. அதுவரை உள்ளே குளிரில், இருக்கிற கொஞ்சநஞ்ச பேட்டரியையும் மிச்சப்படுத்திக்கொண்டு இருந்தார்கள். இருவரும் உயிரோடு வந்தார்கள்.

சோயுஸ் 15-ம் சோயுஸ் 25-ம் இதேபோல டாக்கிங் நடக்காமல் திரும்பியவைதான். ஏரியில் விழவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். அடுத்து வந்த சோயுஸ் டி வகைக் கலத்தில் பேனல்கள் திரும்ப வந்துவிட்டன. அதன் முதல் ஆளில்லாப் பறப்பு 1979 டிசம்பரில். பேனல் இல்லாத பழைய வகை 1981 மே வரை பறந்தது; அதன்பிறகு சோயுஸ் பேனல் இல்லாமல் பறந்ததில்லை. போய்ச்சேர்ந்த இடத்தில் கரண்ட் கிடைக்கும் என்று நம்பி, சொந்த வழியை வெட்டிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அமெரிக்க ஷட்டிலின் சிக்கல் வேறு மாதிரி. அதற்குப் பேனலே கிடையாது. மூன்று எரிபொருள் மின்கலங்கள், அவற்றுக்கு உறைகுளிரில் வைத்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும், விளைவாக 28 வோல்ட் டிசி மின்சாரமும் சுத்தமான தண்ணீரும். அழகான அமைப்பு, ஆனால் தொட்டி காலியாகிற வரைக்கும்தான். ஷட்டில் நிலையத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஹைட்ரஜன் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால் 6 முதல் 8 நாளுக்குள் கழன்று கிளம்ப வேண்டியிருந்தது. விண்நடை வேலை பாதியில் நின்றாலும் கிளம்ப வேண்டியதுதான்.

இதில் ஒரு திருப்பம் உண்டு. ஆரம்ப காலத்தில் கரண்ட் கொடுத்தது ஷட்டில்தான். 1998 டிசம்பரில் சர்வதேச நிலையத்தின் யூனிட்டி மாட்யூலைக் கொண்டுபோனபோது அதற்கு ஷட்டிலிலிருந்துதான் மின்சாரம் போனது. ஷட்டிலின் 28 வோல்ட்டை நிலைய உபகரணங்களுக்கு ஏற்ற சுமார் 120 வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்க ஒரு கன்வெர்ட்டர் வைத்திருந்தார்கள். பிறகு 2000 டிசம்பரில் முதல் பெரிய அமெரிக்கப் பேனல் ஜோடி விரிந்தது. 2006 செப்டம்பரில் இரண்டாவது, 2007 ஜூனில் மூன்றாவது. மின்சாரம் நிலையத்திடம் உபரி, ஷட்டிலிடம் பற்றாக்குறை என்று ஆகிவிட்டது. அப்புறம் செய்ய வேண்டியது திசையை மாற்றுவதுதான்.

அதைத்தான் செய்தார்கள். நிலையத்தின் 120 வோல்ட்டை 28 வோல்ட்டாகக் குறைத்து ஷட்டிலுக்கு ஊட்டும் கன்வெர்ட்டர்களை, பழைய திசைக்கான கன்வெர்ட்டரோடு ஒரே பெட்டியில் அடக்கி டிஸ்கவரி, எண்டெவர் என்ற இரண்டு ஷட்டில்களில் பொருத்தினார்கள். அட்லாண்டிஸ் ஷட்டிலுக்கு அது வைக்கப்படவில்லை. அதிகபட்சம் 8 கிலோவாட். 2007 ஆகஸ்டில் எண்டெவரின் எஸ்டிஎஸ்-118 பயணத்தில்தான் முதல் முறையாக இயக்கிப் பார்த்தார்கள். திட்டமிட்டது 11 நாள் பயணம். கரண்ட் ஒழுங்காக வருகிறது என்று தெரிந்ததும் மூன்று நாள் கூட்டி 14 ஆக்கினார்கள். கடைசியில் டீன் புயல் ஹூஸ்டன் பக்கம் வரலாம் என்ற பயத்தில் ஒரு நாள் முன்னதாகவே இறக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. மொத்தத்தில் நிலையத்தில் தங்கும் காலம் 9 முதல் 12 நாள் வரை நீண்டது. அந்தக் கூடுதல் நாட்களில் ஒரு விண்நடையை முழுதாகச் செய்யலாம்; ஏதாவது கோளாறு என்றால் யோசித்து முடிவெடுக்கலாம். ஒரு கன்வெர்ட்டர் பெட்டி கொடுத்த நேரம் அது.

இலவசமாகக் கிடைத்ததில்லை இதுவும். எரிபொருள் மின்கலம் குறைவாக ஓடினால் தண்ணீரும் குறைவாகத்தான் வரும். அந்தத் தண்ணீரைத்தான் பைகளில் பிடித்து நிலையத்துக்குக் கொடுத்துவந்தார்கள். கரண்டை வாங்கிக்கொண்டால் தண்ணீர் குறையும். 2008 நவம்பரில் சிறுநீரையும் ஈரத்தையும் குடிநீராக்கும் கருவிகள் நிலையத்துக்கு வந்துசேர்ந்தபின் இந்தக் கவலையின் பாரம் குறைந்தது. மின்சாரக் கணக்கு என்று தொடங்குவது எப்போதும் வேறொரு கணக்கில் போய்த்தான் நிற்கும். எங்கள் வேலையிலும் அப்படித்தான்.

இனி கனெக்டருக்கு வருகிறேன்.

எங்கள் பயிற்சி அறை அலமாரியில் ஒரு பழைய கனெக்டர் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பார்கள். துணைமின் நிலையத்தில் 110 வோல்ட் டிசி பேட்டரி வரிசையில் இருந்தது. லோடு, அதாவது கரண்ட் இழுக்கும் கருவிகள், ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ இழுத்துவிட்டார்கள். ஒரு பின்னின் நுனி எலி கடித்ததுபோல் அரைகுறையாக இருக்கும். பக்கத்துப் பின்னில் செம்பு உருகி ஒரு மணியாக உறைந்திருக்கும். பிளாஸ்டிக் உறை பழுப்பேறி, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், அதனால் பொறி அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அந்த இடைவெளி கிடையாது. இழுக்க இழுக்கப் பொறியும் நீண்டுகொண்டே வரும்.

விண்வெளி நிலையத்தின் அமெரிக்கப் பகுதி ஓடுவது கிட்டத்தட்ட இதே வோல்டேஜில். பேனல்களிலிருந்து சுமார் 160 வோல்ட்டில் வந்து, கன்வெர்ட்டரில் இறங்கி, சுமார் 120 வோல்ட் டிசியாகப் பகிரப்படுகிறது. அப்படியென்றால் அந்தப் பின் நுனியை உருக்கிய அதே இயற்பியல்தான் அங்கும். ஆகவே முதல் விதி: இரண்டு பக்கமும் உயிரில்லாத நிலையில்தான் கனெக்டர் சேர வேண்டும், பிரிய வேண்டும். சேர்ந்து, பூட்டிக்கொண்டு, எல்லாப் பின்னும் உட்கார்ந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும்.

இதைச் செய்ய இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. ரோபோ கையால் பிடித்து ஒட்டவைக்கப்படும் சிக்னஸ் போன்ற சரக்குக் கலங்களில் வேலையைக் கையால் செய்கிறார்கள். கலத்துக்கும் நிலையத்துக்கும் நடுவிலுள்ள சிறிய இடைவெளியில் காற்றை நிரப்பி, கசிவு இல்லை என்று பார்த்து, கதவைத் திறந்து, வழியை அடைக்கும் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, ஒரு வீரர் உள்ளே நுழைந்து கேபிள்களை ஒவ்வொன்றாக மாட்டுவார். அதுவரை கலம் தன் பேட்டரியில்தான் காலம் தள்ள வேண்டும். தாமாக வந்து இணையும் டிராகன், ஸ்டார்லைனர் போன்றவற்றுக்கு வேறு ஏற்பாடு. டாக்கிங் வளையத்திலேயே மின்சாரத்துக்கும் தகவலுக்கும் கனெக்டர்கள் பதிந்திருக்கும். கொக்கிகள் இறுகிய பிறகு அவை ஒன்றோடொன்று சேரும். இதற்கான அடாப்டர்களில் முதலாவது 2015 ஜூனில் ராக்கெட்டோடு வெடித்துப் போனது. இரண்டாவது 2016-லும் மூன்றாவது 2019-லும் நிலையத்தில் பொருத்தப்பட்டன.

இந்த இரண்டாவது முறைதான் சிறந்தது என்பது என் கருத்து. கையால் மாட்டிய கேபிளைக் கையால்தான் கழற்ற வேண்டும், அதுவும் கதவு வழியின் நடுவிலே. கதவு வழியே கேபிள் போனால் என்ன ஆகும் என்பதற்கு ரஷ்யாவின் பழைய மிர் நிலையமே உதாரணம். 1997 ஜூன் 25 அன்று புரோகிரெஸ் சரக்குக் கலம் மோதி ஸ்பெக்டர் மாட்யூலில் ஓட்டை விழுந்தது. அந்த மாட்யூலை மூட வேண்டும். ஆனால் அதன் பேனல்களிலிருந்து வரும் கேபிள்கள் கதவு வழியாகத்தான் ஓடின. காற்று போய்க்கொண்டிருக்கும்போதே அவற்றைக் கழற்றியும் வெட்டியும்தான் கதவை மூட முடிந்தது. நிலையத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு அத்தோடு போனது. நிலையம் இருளில் மூழ்கிச் சுழல ஆரம்பித்தபோது, ஒட்டியிருந்த சோயுஸின் எஞ்சின்களை இயக்கித்தான் அதைச் சூரியனை நோக்கித் திருப்பினார்கள். அங்கிருந்த நாசா வீரர் மைக்கேல் ஃபோல் ஜன்னல் வழியே கட்டைவிரலை நீட்டி, நட்சத்திரங்கள் நகரும் வேகத்தை வைத்துச் சுழற்சியைக் கணித்துச் சொன்னார். விருந்தாளிக் கலம்தான் வீட்டைக் காப்பாற்றியது, தன் சொந்த பலம் மிச்சமிருந்ததால்.

கனெக்டர் சேர்ந்தாயிற்று, சுவிட்ச் போடலாமா என்றால், அதிலும் விஷயம் இருக்கிறது. இது படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கனமாக இருக்கலாம், ஆனால் எனக்குப் பிடித்த பகுதி.

வருகிற கலத்தின் உள்ளே பெரும்பாலும் கன்வெர்ட்டர்கள்தான் லோடு. ஒரு சாதாரண ஹீட்டருக்கு வோல்டேஜ் குறைந்தால் அது இழுக்கும் கரண்டும் குறையும். கன்வெர்ட்டர் அப்படியில்லை. தன் வெளியீட்டைச் சீராக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், உள்ளே வரும் வோல்டேஜ் குறைந்தால் அது கூடுதலாகக் கரண்டை இழுக்கும். கூடுதல் இழுப்பால் வோல்டேஜ் இன்னும் குறையும். கொடுக்கும் பக்கத்து கன்வெர்ட்டரின் குணமும் வாங்கும் பக்கத்து ஃபில்டரின் குணமும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் சேர்ந்து ஊசலாட ஆரம்பித்துவிடும். தனித்தனியே சோதித்தால் இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். சேர்த்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு நாடுகள் செய்யும் கலங்கள் ஒரே நிலையத்தில் வந்து மாட்டிக்கொள்வதால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) இருக்கலாம் என்று நிலையம் முன்கூட்டியே வரம்பு போட்டுக் கொடுக்கிறது. ஸ்பேடெக்ஸ் ஹீட்டரில் தொடங்கியது புத்திசாலித்தனம் என்று நான் நினைப்பது இதனால்தான். லோடுகளில் மிகவும் சாதுவானது ஹீட்டர். அதில் கரண்ட் ஒழுங்காகப் போனால் கனெக்டரும் சுவிட்சும் கேபிளும் சரி என்று நிரூபணமாகிவிடும். கன்வெர்ட்டர்களின் சண்டையை அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஷார்ட் சர்க்யூட் ஆனால்? கலத்தில் கோளாறு என்றால் அந்தக் கிளை மட்டும் துண்டாக வேண்டும், நிலையத்தின் பெரிய கிளை விழக் கூடாது. அதற்காகத் தொலைவிலிருந்தே இயக்கக்கூடிய அரைக்கடத்தி சுவிட்சுகளை அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். லோடுக்கு மிக அருகிலுள்ளது முதலில் ட்ரிப் ஆக வேண்டும். பூமியில் எல்லா மின்வழங்கலிலும் உள்ள விதிதான். அங்கே ஃபியூஸ் மாற்ற ஆள் போக முடியாது என்பதால் இன்னும் கறாராகப் பின்பற்றுகிறார்கள்.

எர்த்திங் வேறு இருக்கிறது. மண்ணே இல்லாத இடத்தில் எர்த் எங்கே என்று கேட்டால், நிலையத்தின் உலோக உடம்புதான். அந்த உயரத்தில் வெளியே இருப்பது முழு வெற்றிடமல்ல, மெல்லிய பிளாஸ்மா. 160 வோல்ட் பேனல்களின் எதிர்முனையை உடம்போடு சேர்த்திருப்பதால் நிலையத்தின் உடம்பு சுற்றியுள்ள பிளாஸ்மாவைவிட எதிர்மறை மின்னழுத்தத்துக்குப் போகப் பார்க்கும். அதைச் சமன்செய்ய செனான் வாயுவைப் பயன்படுத்தி எலக்ட்ரான்களை வெளியே விடும் கருவிகள் நிலையத்தில் உள்ளன. வருகிற கலம் வேறொரு மின்னழுத்தத்தில் வருவதால், முதல் தொடுகை உணர்திறன் மிக்க பின்களில் நடக்காமல் உலோகத்தோடு உலோகமாக நடக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, கொடுக்காமல் இருந்த கதையையும் சொல்ல வேண்டும். 1985 பிப்ரவரியில் சல்யூத் 7 நிலையத்தின் தொடர்பு அறுந்தது. ஆளில்லாத நேரம். பேட்டரிகள் வற்றி, உள்ளே தண்ணீரெல்லாம் உறைந்துபோனது. ஜூன் மாதம் விளாதிமிர் ஜானிபெகோவும் விக்டர் சவீனிக்கும் சோயுஸ் டி-13-ல் போய், பதில் பேசாத அந்த நிலையத்தோடு கையாலேயே ஓட்டி இணைந்தார்கள். கம்பளித் தொப்பியோடுதான் உள்ளே வேலை செய்தார்கள். இங்கே யாருக்கும் தோன்றும் யோசனை, சோயுஸின் மின்சாரத்தை நிலையத்துக்குக் கொடுத்து எழுப்பலாம் என்பது. அதைச் செய்யவில்லை. நிலையத்தின் மின்சுற்றில் எங்கே என்ன கோளாறு என்று தெரியாது. உள்ளே ஷார்ட் இருந்தால் சோயுஸின் சப்ளையும் விழுந்துவிடும், வீடு திரும்ப வழியிருக்காது.

அதற்குப் பதிலாக, கெடாத பேட்டரிகளைத் தேடிப்பிடித்து, பேனல் கேபிள்களை உறைகுளிரில் வெறுங்கையால் நேரடியாக அவற்றோடு இணைத்தார்கள். பிறகு சோயுஸின் உந்திகளால் மொத்தத்தையும் திருப்பிப் பேனல்களை வெயிலுக்குக் காட்டினார்கள். சூரியனே சார்ஜ் ஏற்றியது, நிலையம் எழுந்தது. சோயுஸ் கொடுத்தது திரும்பும் திசையை மட்டும்தான், ஒரு ஆம்பியர்கூட இல்லை. கையருகே பேட்டரி இருந்தும் மாட்டாமல் இருக்க எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது, கருகிய சுவிட்ச்போர்டின் முன் நின்று இப்போதே உயிர் கொடுங்கள் என்ற நெருக்கடியைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

இதே எச்சரிக்கையின் இன்றைய வடிவத்தை 2020-ல் பார்த்தோம். நாசா வீரர்கள் டக் ஹர்லியும் பாப் பென்கனும் போன டிராகன் மே 31 அன்று இணைந்தது. நிலையத்திலிருந்து கரண்ட் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் எவ்வளவு நாள் அங்கே இருக்கலாம் என்பதை நிர்ணயித்த காரணங்களில் ஒன்று அதன் சொந்த சோலார் செல்கள். அந்த உயரத்தில் உள்ள அணு நிலை ஆக்சிஜன் செல்களின் மேற்பரப்பை மெல்ல அரிக்கும். அதனால் கலத்தை அவ்வப்போது எழுப்பி, சொந்தமாக எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்று அளந்துகொண்டே இருந்தார்கள். ஏறத்தாழ 4 மாதம்தான் உச்ச வரம்பு என்று வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 1 அன்றே கிளம்பிவிட்டது. வெளியிலிருந்து நிறைய வரும்போதும் சொந்த வரவை விடாமல் கணக்குப் பார்த்த அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

2022 நவம்பரில் சிக்னஸ் என்ஜி-18-ன் இரண்டு விசிறிப் பேனல்களில் ஒன்று விரியவேயில்லை. மீதி ஒன்றின் உற்பத்தியே நிலையம்வரை போகப் போதுமானதாக இருந்தது. இரண்டு நாளில் நிலையத்தின் கை அதைப் பிடித்துக்கொண்டது.

அதற்கு அடுத்த மாதம் நடந்தது இந்த விஷயத்தின் இன்னொரு முகம். டிசம்பர் 14 அன்று ஒட்டியிருந்த சோயுஸ் எம்எஸ்-22-லிருந்து குளிர்விக்கும் திரவம் பீய்ச்சி அடிக்க ஆரம்பித்தது. சில மணி நேரத்தில் எல்லாம் வெளியே போய்விட்டது. கரண்டுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரு கலத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அந்தச் சூட்டை வெளியே தள்ள வழியில்லையென்றால் கொடுக்கும் மின்சாரமே எதிரி. கலத்தின் கருவிகளை எவ்வளவு முடியுமோ அவ்வளவு அணைத்துவைத்தார்கள். அவசரம் என்றால் அதில் மூன்று பேர் திரும்பும்போது உடல் சூடும் சேர்ந்து உள்ளே தாங்க முடியாமல் போகலாம் என்பதால், அதில் வந்திருந்த நாசா வீரர் ஃபிராங்க் ரூபியோவின் உடலுக்கேற்ப வார்த்த இருக்கை உள்ளுறையை டிராகனுக்கு மாற்றினார்கள். 2023 மார்ச் 28 அன்று சோயுஸ் ஆளில்லாமல் தரையிறங்கியது. மாற்றுக் கலம் வந்து பயணத் திட்டமே மாறியதால் ரூபியோ மொத்தம் 371 நாள் விண்வெளியில் இருந்தார். மின்வழங்கலில் கேபிளை வடிவமைக்கிறவர் அந்தக் கேபிளின் மறுமுனையில் ரேடியேட்டர் இருக்கிறதா என்றும் கேட்டாக வேண்டும்.

இன்று இந்த ஏற்பாடுகள் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒவ்வொரு விதம். சர்வதேச நிலையத்தின் அமெரிக்கப் பகுதி 120 வோல்ட், ரஷ்யப் பகுதி 28 வோல்ட், நடுவில் கன்வெர்ட்டர்கள். சீனா 2011-லேயே தியாங்காங்-1 ஆய்வகம், ஷென்ச்சோ 8 கலம் என்ற ஜோடியில் தொடங்கி, இன்றைய தியாங்காங்கில் 100 வோல்ட் அமைப்பை வைத்திருக்கிறது. 2010-ல் சர்வதேச நிலையத்தின் பங்காளி நாடுகள் பொது டாக்கிங் தரம் ஒன்றை வெளியிட்டன. அதன் முதல் பதிப்பு பெரும்பாலும் வளையத்தின் அளவுகள், கொக்கிகள், தாங்க வேண்டிய விசைகள் பற்றியது. யாரும் யாரையும் அவசரத்தில் மீட்கலாம் என்பதுதான் அதன் பின்னால் இருந்த எண்ணம்.

வளையம் பொருந்தினால் மட்டும் மீட்பு முடிந்துவிடாது. பழுதான ஒரு கலம் இன்னொரு நாட்டு நிலையத்தில் தஞ்சம் புகுந்தால் சில மணி நேரத்திலேயே அதற்குக் கரண்ட் தேவைப்படும். பின்கள் எந்த இடத்தில், எந்த வோல்டேஜ், எர்த் எந்தப் பக்கம் என்பதில் ஒத்துப்போகாவிட்டால், ஒட்டிக்கொண்டே இருந்தும் பேட்டரி வற்றும். இந்தியாவின் சொந்த விண்வெளி நிலையமான பாரதிய அந்தரிக்ஷ் நிலையத்தின் முதல் மாட்யூலை 2028-ல் ஏவ இலக்கு வைத்திருக்கிறார்கள். வேறு பல நிலையங்களும் வரைபடத்தில் இருக்கின்றன. வரைபடமாக இருக்கும்போது ஒரு பின்னை இடம் மாற்றுவது எளிது. ஏவிய பிறகு அதற்கு ஒரு அடாப்டரையே செய்து அனுப்ப வேண்டியிருக்கும். ஆகவே புதிய நிலையங்கள் தங்கள் டாக்கிங் வளையத்தின் மின்சார விவரங்களையும் இயந்திர அளவுகளைப் போலவே முழுதாக வெளியிட வேண்டும், முடிந்தால் ஒரே வோல்டேஜுக்கு வர வேண்டும், முடியாவிட்டால் மாற்றித்தரும் கன்வெர்ட்டரை நிலையத்தின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். பழுதாகி வரும் கலத்தில் கூடுதல் பெட்டி வைக்க இடமிருக்காது, நிலையத்தில் இருக்கும்.